பெங்களூரில் முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

அம்மாவை முதன்முதலில் ஓர் இல்லத்தில் சேர்த்தபோது நான் பார்த்தது மூன்றே விஷயங்கள். தரை பளபளப்பாக இருக்கிறதா, சமையலறையிலிருந்து நல்ல வாசனை வருகிறதா, மேனேஜர் மரியாதையாகப் பேசுகிறாரா. மூன்றும் சரியாகவே இருந்தன. பதினெட்டாவது நாள் அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்து, 76 வயதில் எங்களோடு பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தவர். இல்லத்தில் அவரைக் கவனித்துக்கொள்ள ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, இருபது வயதிருக்கும், இந்தி பேசுவாள். "ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா" என்று அம்மா மூன்று நாளாக அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் புரியவில்லை. அம்மா குரலை உயர்த்தியிருக்கிறார். 'இரவில் கத்துகிறார், குழப்பமாக இருக்கிறார்' என்று ரெஜிஸ்டரில் ஏறியது. தூக்க மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் குளிர் ஜுரம். சிறுநீர்த் தொற்று ரத்தம் வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர்.

வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் பல நேரம் ஜுரத்துக்கு முன்னால் குழப்பம்தான் வரும், சில நேரம் ஜுரமே வராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மா பேசுவது அங்கே யாருக்குப் புரியும் என்று கேட்காமல் சேர்த்தது நான்தான். அதற்குப் பிறகு ஏழெட்டு இல்லங்கள் ஏறி இறங்கினோம். அதில் கற்றதைத்தான், இந்த ஊருக்குப் புதிதாக வந்து பெற்றோருக்கு இடம் தேடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே முதலில் ஒரு தாள்

இல்லங்களுக்கு போன் போடுவதற்கு முன்னால் அப்பாவோ அம்மாவோ இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தானாகச் சாப்பிடுகிறாரா, கழிவறைக்குத் துணை வேண்டுமா, இரவில் எத்தனை தடவை எழுகிறார், விழுங்கும்போது இருமல் வருகிறதா, கடைசியாக எப்போது விழுந்தார், வீட்டை விட்டு வெளியே நடந்துவிடும் பழக்கம் உண்டா, எல்லா மாத்திரைகளும் நேரமும். உண்மையை எழுதுங்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறதி நோயை மறைத்துச் சேர்க்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குள் அவர் கேட்டைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போயிருப்பார்.

'முதியோர் இல்லம்' என்று ஒரே பெயரில் பல வகை இடங்கள் இருப்பதால்தான் இந்தத் தாள் தேவைப்படுகிறது. நடமாட்டம் உள்ளவர்களை மட்டும் எடுக்கும் இடம் உண்டு. துணையோடு வாழ்பவர்களுக்கு, மறதி நோய்க்காரர்களுக்கு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு என்று தனித்தனி இடங்களும் உண்டு. எதில் சேர்த்தாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "நாளைக்கு இவர் படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, கூட்டிக்கொண்டு போகச் சொல்வீர்களா?" பதில் எழுத்தில் வேண்டும்.

தூரமும் எல்லையும்

ஹென்னூர், கொத்தனூர், பன்னேர்கட்டா ரோடு, கனகபுரா ரோடு என்று நகரத்தின் ஓரங்களில் இடங்கள் உண்டு. தோட்டமும் மரமும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வேலை நாளில் ஆபீஸ் முடிந்து உங்களால் போக முடிகிற தூரமா என்பதுதான் கணக்கு. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் வாரம் இரண்டு தடவை போவேன் என்பது வெறும் ஆசை. அடிக்கடி, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வந்து நிற்கிற குடும்பம் உள்ளவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பார்கள். நியாயமா என்று கேட்காதீர்கள், நடப்பு அது.

தமிழ் பேசும் ஆட்கள் வேண்டும் என்பதற்காக எல்லை தாண்டி ஓசூருக்குப் போகிறவர்களும் உண்டு. யோசிக்க வேண்டிய வழிதான். ஆனால் ஓசூர் தமிழ்நாடு. இங்கே சிகிச்சை பார்த்துவந்த ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தள்ளிப் போகும், புகார் என்று வந்தால் அதிகாரிகளும் அந்த மாநிலத்தவர்கள்.

மொழி: இதையும் பாதுகாப்புக் கணக்கில் சேருங்கள்

தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்கும் அதே கண்டிப்போடு கேளுங்கள்: "பகல் ஷிப்டில் தமிழ் புரிந்தவர் யார்? ராத்திரி ஷிப்டில் யார்?" "எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும் சார்" என்றால் யாருக்கும் வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லி, அம்மாவையே நேரில் இரண்டு வார்த்தை பேச விடுங்கள். மறதி நோய் முற்றும்போது பலரிடம் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப்போகும், தாய்மொழி கடைசி வரை நிற்கும். நாற்பது வருஷம் இங்கிலீஷில் ஆபீஸ் நடத்திய அப்பாவுக்கும் இது பொருந்தும்.

கன்னடம் பேசும் ஆயா கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்த மாதிரிதான். நோவு அங்கேயும் நோவுதான். தலை 'தலெ', தண்ணீர் 'நீரு'. சாப்பாடு 'ஊட்டா', ஊட்டுவதை நினைத்துக்கொண்டால் அம்மாவுக்கே பிடிபட்டுவிடும். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் வளர்ந்தவர்களாக இருந்தால் தமிழே பேசுவார்கள். சிரமமெல்லாம் வெளி மாநிலத்திலிருந்து ஏஜென்சி வழியாக வரும் பிள்ளைகளிடம்தான். அவர்களுக்காக நாங்கள் ஒரு அட்டை எழுதினோம். அம்மா எப்படிச் சொல்வாரோ அதே ஒலியை இந்தி எழுத்தில், பக்கத்தில் அதன் அர்த்தம் இந்தியில். எரியுது, வலிக்குது, கிறுகிறுன்னு வருது, மூச்சு முட்டுது, குளிருது, மரத்துப்போச்சு, ஒண்ணுக்கு, வெளிக்கு, தண்ணி, போதும், வேண்டாம். மொத்தம் பதினொன்று. கட்டிலுக்கு மேலே ஒட்டினோம். கடைசி இரண்டு வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். போதும் என்று சொல்பவரின் வாயில் இன்னொரு கரண்டி திணித்தால் புரையேறும். புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

மூன்று தடவை போக வேண்டும்

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் காட்டுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும்.

இரண்டாவது தடவை சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில். தானாகச் சாப்பிட முடியாதவர்களை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்தே ஊட்டுகிறார்களா? ஒரு ஆள் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார்? மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் ட்யூப் போட்டவர் இருந்தால் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும், கஞ்சி போன பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, எதிர்ச்சுவர் மேஜையில் அழகாக மூடி வைத்திருக்கிறதா? அங்கே இருப்பவர்களின் நகங்களைப் பாருங்கள். நகம் வெட்ட நேரமில்லாத இடத்தில் மற்றதற்கும் நேரமிருக்காது.

மூன்றாவது தடவை ராத்திரி எட்டு மணிக்கு மேல். இதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தை நான் அங்கேயே கழித்துவிடுவேன். பல இடங்களில் எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும். பகலில் பார்த்த யூனிபார்ம் கூட்டம் கரைந்திருக்கும். எத்தனை பேருக்கு எத்தனை பேர் மிச்சம் என்று நீங்களே எண்ணுங்கள். அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் யார், அல்லது நர்ஸ் போனில் மட்டும்தானா? பெல் இருந்தால் அடித்துப் பார்த்து, கடிகாரத்தைக் கவனியுங்கள். வாசல் பூட்டியிருக்கும், அது சரி. ஆனால் தீப்பிடித்தால் திறக்க அந்தச் சாவி யாரிடம்? "வாட்ச்மேனிடம்" என்றால் வாட்ச்மேன் எங்கே என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆனது, டீக்கடையில் இருந்தார்.

பாத்ரூம்

எந்த இல்லமானாலும் நான் நேராகப் போவது இங்கேதான். நம் ஊர் பாத்ரூம் எப்போதும் ஈரம், பக்கெட்டும் மக்கும் காலில் இடறும். வயதானவர்கள் விழுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது, இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடு.

கமோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். டவல் கம்பியையே கைப்பிடி என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் போட்டாலும் வெளியிலிருந்து திறக்க வழி வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால் கதவை உடைப்பது தவிர வேறு வழியில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரிகிறதா பாருங்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கால் வழுக்காதது.

அப்புறம் கீசர். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை ஆட்டிவிடும், வெந்நீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம், சாக்ஸும் போர்வையும் போதும்.

படுக்கைப் புண்

இரண்டு நாள் அலட்சியத்தில் வந்துவிடும், ஆற மாதங்கள் பிடிக்கும். படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான். "ஏர் பெட் போட்டிருக்கிறோம்" என்பது பதிலாகாது. ஏர் பெட் உதவிதான், புரட்டுகிற கைக்கு மாற்று இல்லை. புரட்டிய நேரம் எழுதும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நேரமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது போல் இருந்தால் உங்களுக்கே புரியும்.

சேர்த்த பிறகு, போகும்போதெல்லாம் நீங்களே பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், அம்மாவிடம் சொல்லிவிட்டு, திரையை மூடிக்கொண்டு பாருங்கள். முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதி, இரண்டு குதிகால், இடுப்பின் இரு பக்கம், முழங்கை, காதின் பின்புறம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்து, கொஞ்சம் சூடாக, கெட்டியாக இருக்கும். அதையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஈர டயப்பர் புண்ணுக்குப் பாதை போடும், ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் செலவானது என்று பில்லில் மட்டும் பார்க்காமல் நேரத்தோடு கேளுங்கள்.

மாத்திரை, கயிறு

மாத்திரைகளை யார் பெட்டியில் பிரிக்கிறார், யார் கொடுக்கிறார், கொடுத்ததும் யார் எழுதுகிறார் என்பது மூன்று கேள்வி. இன்சுலின் போடுபவராக இருந்தால் நாலாவது: ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? ஊசி போட்டு, சாப்பாடு தாமதமானால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்துக்கொட்டும், தடுமாறுவார்கள். அதையும் 'வயசாயிடுச்சு, குழப்பம்' என்று எழுதிவிடுவார்கள்.

உங்களுக்குத் தெரியாமல் புது மாத்திரை எதுவும், முக்கியமாகத் தூக்க மாத்திரையோ அமைதிப்படுத்தும் மாத்திரையோ, தரக் கூடாது என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள். எந்த டாக்டர், எதற்காக, எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் வேண்டும். ஆள் குறைவான இடங்களில் மாத்திரைதான் ராத்திரி வாட்ச்மேன். அது விழுவதை அதிகமாக்கும், விழுங்குவதைக் கெடுக்கும். போகும்போதெல்லாம் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தால் "நல்லா ரெஸ்ட் எடுக்கிறாங்க" என்ற பேச்சில் சமாதானமாகாதீர்கள்.

கையைக் கட்டிலோடு கட்டுவதும் அப்படித்தான். மணிக்கட்டில் தடம் இருக்கிறதா பாருங்கள். ட்யூபைப் பிடுங்கிவிடுகிறார் என்பார்கள். ஏன் பிடுங்குகிறார், வலியா, மலச்சிக்கலா என்று பார்த்தார்களா என்பதே என் கேள்வி. கட்டிலின் பக்கக் கம்பியும் எப்போதும் பாதுகாப்பு இல்லை. மறதி உள்ளவர் அதன் மேல் ஏறிக் குதித்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒப்பந்தத்தில் மாதத் தொகைக்குள் என்னென்ன அடக்கம், டயப்பர், பிசியோ, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ் தனியா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பவை இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் இடத்தில் சொன்ன தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு 'இதர செலவு' என்று வந்தது. நர்ஸிங்கும் சிகிச்சையும் தருவதாகச் சொன்னால் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, நீங்கள் போன் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, உங்களுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுவார்களா என்பதும் எழுத்தில் வேண்டும்.

சொத்தை எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஏற்கெனவே அம்மா அப்பா யாருக்காவது, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு பிள்ளைகளுக்கானது. கைகழுவிவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் மாதம்

சேர்க்கும் நாளில் எடை எடுத்து எழுதச் சொல்லுங்கள், பிறகு மாதாமாதம். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ இறங்கினால், டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் அது. கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றிலும் பெயர் எழுதுங்கள். தொலைந்துபோவதில் இந்த மூன்றுக்கும்தான் போட்டி. காது மெஷினில் பேட்டரி தீர்ந்தால் அம்மா யார் பேச்சுக்கும் பதில் சொல்ல மாட்டார், அதற்கும் மறதி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

வெவ்வேறு நேரங்களில் போங்கள். ஆயாக்களின் பெயரைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "உங்களுக்குத் தூங்க நேரம் கிடைக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். 24 மணி நேரமும் ஒரே ஆள் என்றால், அந்த ஆள் எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார் என்றுதான் பொருள். இல்லத்தைப் பற்றி மேனேஜர் சொல்லாததை அவர்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

சரியில்லை என்று தோன்றினால்

முதலில் நர்ஸிடம், அன்றைக்கே மேனேஜருக்கு எழுத்தில், தேதி போட்டு. வாட்ஸ்அப் போதும். காயம், தடம், புண் எதுவானாலும் போட்டோ எடுத்து வையுங்கள். பதிலில்லை என்றால் 1090. பெங்களூரு நகரப் போலீசும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட்டும் 2002 முதல் சேர்ந்து நடத்தும் முதியோர் உதவி எண் இது. நாடு முழுவதற்கும் உள்ள எல்டர்லைன் எண் 14567. கர்நாடகத்தில் இந்த விவகாரங்களைப் பார்ப்பது மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள் நலனுக்கான துறை, புகாரை அவர்களுக்கும் அனுப்பலாம். பணம், டெபாசிட் தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அடி, மிரட்டல் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேராகப் போலீஸ் அவசர எண் 112.

இடம் மாற்றுவது என்று முடிவெடுத்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் மாத்திரைச் சார்ட், எடைக் குறிப்பு, கடைசி ஒரு மாத ரெஜிஸ்டர் பக்கங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்த மறுநாளே அந்த ரெஜிஸ்டர் "ஆடிட்டுக்குப் போயிருக்கு" என்றார்கள் எங்களிடம்.